பால் கவர் கேட்ட குலவை

தன் மனைவி மீனா போட்ட ஒரே ஒரு குலவையில், ஊரடங்குக்குக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த மதுரை மாநகரம் மொத்தமும் மாஸ்க்கைக்கூட மாட்டாமல் வாசலுக்கு ஓடிவந்து நின்றது என்று பூமிராஜன் சொல்லுவார். கோரிப்பாளையம் முக்கில் தடுப்பு போட்டு நின்ற போலீஸ்காரர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சத்தம் வந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டாராம். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதென்று நினைத்து வைகைக்குள் படுத்திருந்த நாய்களெல்லாம் கரையேறினவாம். கேட்கிறவர் முகத்தில் சந்தேகம் தட்டினால் பூமிராஜனுக்கு இன்னும் குஷி பிறக்கும். "அழகர்மலையில குரங்கெல்லாம் ஒரு நிமிசம் கிளைய விட்டுருச்சுங்க" என்பார்.

ஒருவரும் நம்பவில்லை. ஊரடங்கெல்லாம் முடிந்து முப்பது வருசத்துக்கு மேலாகிவிட்டது. அவர் குடியிருக்கும் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் அவரோடு மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் தளம் வரும் வரைக்கும் தலையாட்டிவிட்டு இறங்கிப் போவார்கள். கதை வளர்ந்துகொண்டே போனது. முதலில் தெரு வரைக்கும்தான் கேட்டது. மீனா இறந்த வருசம் அது வைகையைத் தாண்டியது. போன தீபாவளிக்கு அழகர்மலையைத் தொட்டது.

மற்றவர்கள் நம்பாததில் பூமிராஜனுக்கு வருத்தமில்லை. அவர்கள் சந்தேகமெல்லாம் குரங்கைப் பற்றித்தான். குலவையே விழவில்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஓர் ஆள் இருந்தார். மீனாவின் அண்ணன் தவசிலிங்கம். மானாமதுரையில் இருக்கிறார். காக்கிச் சட்டையில் காலம் முழுக்கக் கழித்து, இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். பெற்ற தாய் சொன்னாலும் சாட்சி கேட்கிற ரகம்.

அந்தக் காலத்தில் பூமிராஜன் ஒரு பாலிடெக்னிக்கில் இயற்பியல் வாத்தியார். ஊரடங்கில் வகுப்பறை கம்ப்யூட்டருக்குள் குடியேறியது. மற்ற வாத்தியார்கள் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்துப் பாடம் நடத்தினார்கள். பூமிராஜன் திரையில் நடப்பதை அப்படியே பதிவுசெய்கிற ஒரு மென்பொருளை இறக்கி, அதன் செட்டிங்ஸ் பக்கத்தை ஜாதகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்து பார்த்தார். நொடிக்கு முப்பது பிரேம் போதும் என்று மென்பொருளே கெஞ்சியது. இவர் அறுபது வைத்தார். படத்தைச் சுருக்கட்டுமா என்று கேட்டது. ஒரு புள்ளியைக்கூடச் சுருக்காதே என்றார். பதிவு ஓடும்போது லேப்டாப்பின் விசிறி ரைஸ்மில் மாதிரி இரையும். அதன் முதுகில் மீனா தோசை வார்த்துத் தந்தாள், நடுவில் முறுகலாக வந்தது என்பது லிஃப்டில் சொல்லப்படும் இன்னொரு கதை. பதிவுகள் ஒவ்வொன்றும் யானை கனம். ஹார்ட் டிஸ்க் ஹார்ட் டிஸ்க்காக வாங்கி ஒரு முறுக்கு டின்னில் அடுக்கினார்.

படத்தில் இப்படியென்றால் சத்தத்தில் இதற்கும் மேலே. காரணம் ஒரு குக்கர். முதல் வாரத்தில், நியூட்டனின் மூன்றாம் விதி நடந்துகொண்டிருந்தபோது பின்னால் விசிலடித்தது. "சார், மூணு வந்துருச்சு. அம்மாவை இறக்கச் சொல்லுங்க" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது. அன்றைக்கே இரைச்சல் வடிகட்டி என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார். அதைக் கடைசிப் புள்ளி வரைக்கும் தள்ளினார். மெதுவான சத்தம் வந்தால் மைக்கையே சாத்திவிடுகிற கதவு ஒன்றும் இருந்தது. அதையும் போட்டார். அதற்கப்புறம் குக்கர், கீரைக்காரம்மா, மேல்வீட்டு மிக்ஸி எல்லாம் செத்தன. "என் பதிவுல என் குரல் மட்டும்தான். கொசு தும்முனாக்கூடக் கேக்காது" என்று பாலிடெக்னிக் முழுக்கப் பீற்றிக்கொண்டார்.

அவரால் அடக்க முடியாத ஒன்று, முதுகுக்குப் பின்னால் தொங்கிய பால் கவர்கள். மீனா தினமும் பால் பாக்கெட்டை நுனியில் கத்தரித்து, கழுவி, ஜன்னலுக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைப்பாள். மாதக் கடைசியில் பழைய பேப்பர்காரர் வருகிறவரைக்கும் அவை பண்டிகைத் தோரணம் மாதிரி ஆடிக்கொண்டிருக்கும்.

"மீனா, வகுப்பு நேரத்துலயாச்சும் அதைக் கழட்டக் கூடாதா? பசங்க பாக்குறாய்ங்க."

"பாக்கட்டும். அவுங்க வீட்ல பால் வாங்கலையாக்கும்."

பின்னணியில் ஊட்டி மலையை ஒட்டி மறைக்கிற வசதி இருந்தது. அதைப் போட்டால் அறுபது பிரேம் தாங்காமல் லேப்டாப் மூச்சை விட்டது. ஊட்டியா, தரமா என்று பார்த்தார். தரம்தான் ஜெயித்தது. பால் கவர்கள் தொங்கின.

அந்தச் சமயத்தில்தான் தவசிலிங்கத்தின் மகன் செழியனுக்குக் கல்யாணம். "ரெண்டு மாசம் தள்ளி வைண்ணே, நான் வந்து நிக்கணும்" என்று மீனா கேட்டுப் பார்த்தாள். குறித்த முகூர்த்தத்தை மாற்ற மாட்டேன் என்றார் அண்ணன். பேச்சு கொஞ்சம் தடித்தது. மதுரையிலிருந்து மானாமதுரைக்கு இ-பாஸ் கிடைக்கவில்லை. மேளக்காரருக்கும் கிடைக்கவில்லை. அதனால் எல்லாம் குலவையின் தலையில் விழுந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். தாலி ஏறும்போது அந்த வீட்டில் பிறந்த பெண்தான் முதல் குலவையை எடுக்க வேண்டும். அவள் எடுத்த பிறகுதான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள். பந்தலில் ஒரு பெரிய டிவியை நாற்காலியில் உட்காரவைத்து, மாலை போடாத குறையாக ஸ்பீக்கரெல்லாம் மாட்டியிருந்தார் தவசிலிங்கம்.

இங்கே மதுரையில் பூமிராஜன் கேமராவுக்கு முன்னால் ஹெட்செட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் பட்டுச்சேலையில் மீனா. அவளுக்கும் பின்னால் பால் கவர்கள். "கேக்குதாண்ணே?" என்றாள். "கணீர்னு கேக்குது" என்று பதில் வந்தது. தாலியை எடுத்தார்கள். திரை பூமிராஜனின் தலைக்கு மறைந்திருந்ததால் அவர்தான் கையைக் காட்டினார். மீனா கையை வாயோரம் வைத்துக்கொண்டு குலவை போட்டாள். ஹெட்செட்டையும் தாண்டிப் பூமிராஜனின் காது அதிர்ந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் அந்தப் பக்கத்துக் காதுமடல் சிலிர்க்கும்.

பந்தலில் எதுவும் கேட்கவில்லை. டிவியில் தங்கச்சியின் வாய் அசைந்தது. பெண்களெல்லாம் கையை வாயருகே வைத்தபடி காத்திருந்தார்கள். மேளமில்லை, குலவையில்லை. சாவு வீட்டில்கூட இல்லாத அமைதியில் செழியன் தாலி கட்டினான். மறுநிமிசமே, "முடிஞ்சுச்சாண்ணே?" என்று மீனா கேட்டது மட்டும் கணீரென்று வந்து விழுந்தது.

சாயங்காலம் போனில் சண்டை. "தள்ளி வைக்கலேங்கிற ஆத்திரத்துல வாயை மட்டும் அசைச்சுக் காட்டுனியா?" என்றார் அண்ணன். "தொண்டை கிழியப் போட்டேண்ணே" என்றாள் மீனா. "மத்ததெல்லாம் கேட்டுச்சு. அது மட்டும் கேக்கலையா? யாருக்கிட்டக் கதை விடுற?" அப்போதுதான் பூமிராஜன் நடுவில் புகுந்து, "இருங்க மச்சான், என்கிட்டப் பதிவு இருக்கு" என்றார். பதிவைத் திறந்தார். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சேலையின் சரிகையை இழை இழையாக எண்ணலாம். மீனா கையை வாயோரம் வைத்தாள். வாய் அசைந்தது. சத்தமில்லை.

மைக்கில் ஏதோ கோளாறு என்றார் பூமிராஜன். மீனா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "சரி, விடுங்க" என்று எழுந்து போனாள். அதற்கப்புறம் எந்தக் கல்யாணத்திலும் அவள் குலவை போடவில்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவும் இல்லை. அவள் இறந்ததற்கு வந்த தவசிலிங்கம் மாலையைப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

மீனா போன பிறகு ஒருநாள் பூமிராஜன் முறுக்கு டின்னை இறக்கினார். அவள் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு டிஸ்க்காகப் போட்டுப் பார்த்தார். எல்லாவற்றிலும் மீனா இருந்தாள். டம்ளர் கொண்டுவந்து வைத்தாள், ஜன்னலைச் சாத்தினாள், எதையோ சொல்லிக்கொண்டே துணி மடித்தாள். அந்தக் கல்யாணத்தன்று அண்ணனிடம் கேட்ட இரண்டு கேள்வியைத் தவிர ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. நியூட்டனைப் பற்றி இவர் கத்திக்கொண்டிருந்தது மட்டும் சுத்தமாக, தெளிவாகக் கேட்டது. அந்த வருசம்தான் குலவை வைகையைத் தாண்டியது.

கண்காது என்ற நுட்பம் வந்தது அதற்குப் பிறகு. சத்தம் காற்றில் போகும்போது எதிர்ப்பட்ட பொருளையெல்லாம் லேசாக ஆட்டிவிட்டுப் போகிறது, அந்த ஆட்டத்தைப் பழைய வீடியோவிலிருந்து படித்துச் சத்தத்தைத் திரும்ப உண்டாக்கிவிடலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். சனங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வீடு பழைய கல்யாண கேசட்டுகளைத் தூசி தட்டினார்கள். அசல் பேச்சை அழித்துவிட்டு சினிமாப் பாட்டை ஒட்டியிருந்தானே வீடியோக்காரன், அந்தப் பாட்டுக்கு அடியிலிருந்து பேச்சு எழுந்து வந்தது. இலையில் கிடந்த அப்பளம் சாட்சி சொன்னது. பந்தியில் சம்பந்தியைப் பற்றிச் சம்பந்தி பேசியது, மணமேடைக்குப் பின்னால் மாப்பிள்ளை தோழனிடம் முணுமுணுத்தது எல்லாம் வெளியே வந்தன. அறுபதாம் கல்யாணம் முடித்த தம்பதிகள் வக்கீல் வீட்டு வாசலில் நின்றார்கள். பூமிராஜனின் எதிர்வீட்டுக்காரர் இறந்துபோன மனைவியின் பிறந்தநாள் வீடியோ ஒன்றைத் திறந்து கேட்டார். என்ன கேட்டாரோ, மறுநாள் சுவரிலிருந்த படத்தை இறக்கிவிட்டார். ஆணி மட்டும் இருந்தது.

பிறகு சட்டம் வந்தது. இறந்தவர் பேச்சைத் திறக்கக் கட்டினவர் கைரேகை மட்டும் போதாது, பெற்றவரோ கூடப்பிறந்தவரோ ஒருவரும் ரேகை வைக்க வேண்டும். திறந்த பகுதியை இருவரும் முழுசாகக் கேட்க வேண்டும். பாதி வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் பாதிக் குடும்பங்கள் உடைந்திருந்தன.

அப்படி மீனாவுக்கு மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான். பூமிராஜன் போன் போட்டார்.

"மச்சான், நான் பூமி பேசுறேன்."

"சொல்லுங்க மாப்ளே. குலவை இப்ப எதுவரைக்கும் போயிருக்கு? ராமேஸ்வரம் தாண்டிருச்சா?"

"கிண்டலை அப்புறம் வச்சுக்குவோம். ஒரு ரேகை வேணும்."

விசயத்தைச் சொன்னார்.

"மெஷின் இட்டுக்கட்டும் மாப்ளே. இப்ப எதை வேணாலும் உண்டாக்குறாய்ங்க."

"நேர்ல வந்து பாருங்க. பொய்யின்னா அங்கனயே என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போங்க. அதுக்கப்புறம் குலவைங்கிற பேச்சையே எடுக்க மாட்டேன்."

"நெசமாவா? லிஃப்டுலகூட?"

"லிஃப்டுலகூட."

"பேத்தி கல்யாணம் ஆவணில வருது" என்றார் தவசிலிங்கம். "பந்தலுக்கு வந்து நீங்க குரங்குக் கதைய ஆரம்பிச்சீங்கன்னா என் மானம் போயிரும். வர்றேன். இத்தோட முடிச்சிருவோம்."

கண்காது நிலையம் மேலமாசி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது. காலை வெயிலில் தவசிலிங்கம் மடித்த குடையோடு வந்து சேர்ந்தார். முதுகு இன்னும் அட்டென்ஷனில்தான் இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நரைச்சுட்டீங்க" என்றார் ஒருவர். "நீங்க சொட்டையாயிட்டீங்க" என்றார் மற்றவர். அதோடு குசலம் விசாரித்தாகிவிட்டது.

உள்ளே ஷபானா என்ற பெண் இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தினமும் மற்றவர்கள் அழுவதைப் பார்த்துப் பழகிய நிதானம் முகத்தில் தெரிந்தது. மேசையில் தண்ணீர்ச் செம்பும் ஒரு பெட்டி டிஷ்யூ காகிதமும் தயாராக இருந்தன. பதிவை ஓட்டிப் பார்த்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஐயா, இதை யாரு பதிவு பண்ணுனது?"

"நான்தாம்மா. ஏன்?"

"பழைய கேசட்டாச்சும் திறக்கும். ஊரடங்குக் காலத்துப் பதிவெல்லாம் கசங்கிப்போய்த்தான் வரும். போன்ல எடுத்தது, நெட்ல வந்தது எல்லாம் இடத்தை மிச்சம் பிடிக்கிறேன்னு படத்தைப் பிழிஞ்சிருப்பாங்க. பிழியிறப்ப முதல்ல போறதே இந்தச் சின்ன ஆட்டம்தான். அந்தக் காலத்துல பிழியாத வீட்டுப் பதிவு நான் பார்த்ததுல இது ஒண்ணுதான்."

பூமிராஜன் மச்சானை ஒரு பார்வை பார்த்தார். அதில் அழகர்மலை, வைகை, கோரிப்பாளையம் எல்லாம் இருந்தன.

"பொறுங்க" என்றார் தவசிலிங்கம். "எங்க பந்தலும் நெட்லதானேம்மா வந்துச்சு? அது மட்டும் கசங்காதா?"

"அது கசங்குனதுதான். கல்யாண வீடு திறக்காது. ஐயா தன் கேமராவைத் தனியா, நேரடியாப் பதிஞ்சிருக்காரு. அதனால ஐயா வீட்டு ரூம் மட்டும் கசங்காம இருக்கு."

"நொடிக்கு அறுபது படம்ங்கிறாரு. அறுபதை வச்சு ஒரு குரலையே எடுத்துருவியாக்கும்?"

"நல்ல கேள்விதான்யா. கேமரா ஒரு படத்தை ஒரே மூச்சுல பிடிக்காது. மேலேருந்து கீழே வரி வரியாப் படிச்சுட்டு வரும். ஒவ்வொரு வரியும் ஒரு துளி பிந்துன நேரம். அப்படிப் பார்த்தா ஒரு படத்துக்குள்ளயே ஆயிரம் நேரம் இருக்கு. ஆனா ஆடுறதுக்கு லேசான பொருள் ஒண்ணு வேணும். சுவரு ஆடாது, பீரோ ஆடாது." பேசிக்கொண்டே படத்தைப் பெரிதாக்கினாள். "அம்மாவுக்குப் பின்னாடி தொங்குதே, அது என்னது?"

பூமிராஜனுக்கு அந்த வயதிலும் வெட்கமாக இருந்தது. "பால் கவரும்மா. கழுவிக் காயப்போட்டிருப்பா. மறைக்கலாம்னுதான் பாத்தேன், முடியல."

"மறைக்காம விட்டீங்களே. இதைவிட நல்ல காது கிடையாது."

தவசிலிங்கம் முதல் தடவையாகக் குடையைச் சுவரில் சாய்த்தார்.

ஷபானா பதிவோடு ஒட்டியிருந்த குறிப்புகளைத் திறந்தாள். எந்த மைக், என்னென்ன வடிகட்டி எல்லாம் அதில் பதிந்திருக்கும். படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"ஐயா, இரைச்சல் வடிகட்டியக் கடைசி வரைக்கும் வச்சிருக்கீங்களே."

"ஆமாம்மா. கொசு தும்முனாக்கூட..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"இந்த வடிகட்டிக்குப் பேச்சுன்னா என்னன்னு மட்டும்தான்யா சொல்லிக் குடுத்திருந்தாங்க. பேச்சு மாதிரி இல்லாத எல்லாமே அதுக்கு இரைச்சல். 'கேக்குதாண்ணே'ங்கிறது பேச்சு, விட்டுரும். குலவையில சொல்லே கிடையாதே. விசிலு, மிக்ஸிகூடச் சேத்துத் துடைச்சு எறிஞ்சிருக்கும். உங்க பதிவுக்கும் போயிருக்காது. கல்யாண வீட்டுக்கும் போயிருக்காது."

பூமிராஜன் முகத்திலிருந்து லிஃப்டு, குரங்கு, குஷி எல்லாம் இறங்கிப் போயிருந்தன. முப்பது வருசம் மைக்கைத் திட்டியிருந்தார், நெட்டைத் திட்டியிருந்தார், மச்சான் காதைத் திட்டியிருந்தார்.

"ஆகக்கூடி, நீங்கதான் அவ வாயைப் பொத்திருக்கீங்க" என்றார் தவசிலிங்கம் மெதுவாக.

"குக்கருக்காகப் போட்டது மச்சான்."

"குக்கரு." தவசிலிங்கம் அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே இருந்த போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். "போட்டிருந்தா வடிகட்டி தின்னுருக்கும், சரி. போட்டாங்கிறதுக்கு இது சாட்சி ஆகாதே. வாயை மட்டும் அசைச்சிருந்தாலும் பதிவு இப்படித்தானே இருக்கும்?"

"அதுக்குத்தான்யா திறக்கணும்ங்கிறது" என்றாள் ஷபானா. ரேகை வைக்கிற கண்ணாடிப் பலகையை மேசை நடுவில் தள்ளினாள். "குலவையிலருந்து வீடியோ கால் முடியிற வரைக்கும் ஒரே துண்டு. முழுசும் கேக்கணும். நான் டீ சொல்லிட்டு வர்றேன். யோசிச்சுட்டு வைங்க." அவள் எழுந்து வெளியே போனாள். யோசிக்கிறவர்களுக்கு எவ்வளவு டீ தேவை என்று அவளுக்குத் தெரியும் போலிருந்தது.

பூமிராஜன் உடனே கட்டைவிரலை வைத்தார். பலகையில் பாதி பச்சையானது. தவசிலிங்கத்தின் விரல் எழவில்லை.

"என்ன மச்சான்?"

"முழுசும் கேக்கணும்னு சொல்லுதே அந்தப் பொண்ணு."

"ஆமா."

"தாலி கட்டுனதுக்கப்புறம் என்னைத் திட்டியிருந்தான்னா? அன்னைக்கு நான் அவளைப் பேசுனது கொஞ்சநஞ்சமில்ல. முகூர்த்தம் உனக்கு முக்கியமா, நான் முக்கியமான்னு கேட்டா. முகூர்த்தம்னு சொல்லிட்டேன்." அவர் சுவரில் சாய்ந்திருந்த குடையின் பிடியைத் தடவினார். "இப்பவரைக்கும் அவ குலவை போடலங்கிறதோட நிக்குது. அது எனக்குப் பழகிப் போச்சு. புதுசா ஒண்ணு கேட்டு, அதைச் சுமந்துக்கிட்டுப் போக எனக்கு வயசில்ல மாப்ளே."

பூமிராஜனுக்கு எதிர்வீட்டுச் சுவரிலிருந்த ஆணி ஞாபகம் வந்தது. தன்னைப் பற்றியும் அவள் ஏதாவது முனகியிருக்கலாம். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திரையை முறைத்தபடி உட்கார்ந்திருந்த ஆளைப் பற்றி ஒரு பெண்டாட்டிக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும்.

"திட்டுனாலும் அவ குரல்தான் மச்சான்" என்றார். "அன்னைக்கு உங்ககிட்டக் கேட்ட ரெண்டு கேள்வியத் தவிர எங்கிட்ட ஒரு துளி இல்ல. டின்னு நெறைய அவ இருக்கா. ஒரு 'உம்' கூட இல்ல. எல்லாத்தையும் சுத்தமாத் துடைச்சு வச்சிருக்கேன்."

இத்தனை வருசத்தில் பூமிராஜன் ஒன்றைக்கூடக் கூட்டாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். தவசிலிங்கம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பொய் சொல்கிறவர்களைக் காலமெல்லாம் விசாரித்தவர். எதிரே உட்கார்ந்திருப்பவர் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது.

"ஒண்ணு மட்டும்" என்றார். "எங்காத்தா சொல்லிக் குடுத்த குலவை மூணு தடவை. மூணாவதுல அவகிட்ட ஒண்ணு இருக்கு. எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அது வருதான்னு பாப்பேன். வரலேன்னா மெஷின் பண்ணுனது. எந்திரிச்சுப் போயிருவேன்."

"அது என்னன்னு..."

"சொல்ல மாட்டேன். சொன்னா நாளைக்கே அதை அழகர்மலைக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்க."

கட்டைவிரலை வைத்தார். பலகை முழுக்கப் பச்சையானது.

டீயோடு வந்த ஷபானா விளக்கைத் தணித்து, ஓட்டினாள்.

முதலில் மழை மாதிரி ஒரு இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வீடு எழுந்து வந்தது. லேப்டாப்பின் ரைஸ்மில். அடுப்பில் எதுவோ கொதிக்கிற சத்தம். ஜன்னலுக்கு வெளியே, வண்டி ஒன்றுகூட ஓடாத அந்த வருசத்துத் தெருவில் பொழுதுக்கும் கத்திய குயில். தெரு அத்தனை அமைதியாக இருந்ததைப் பூமிராஜன் மறந்தே போயிருந்தார். வளையல் ஒன்று நகர்ந்தது. கையை வாயோரம் கொண்டுபோகிறாள்.

குலவை விழுந்தது.

கொஞ்சம் பிளாஸ்டிக் வாசனையோடு, பால் கவர் உதறிக்கொண்டே சொல்கிற மாதிரி விழுந்தது. ஆனாலும் நாக்கு அப்படித்தான் புரண்டது, அடிவயிற்றிலிருந்து அப்படித்தான் ஏறியது. பூமிராஜனின் காதுமடல் சிலிர்த்தது. முதல் தடவை முழுசாகப் போய் இறங்கியது. இரண்டாவது அதைவிட உயரம். மூன்றாவது ஏறும்போது பாதி வழியில் ஒரு விக்கல் மாதிரி அறுந்து, எச்சிலை விழுங்கிக்கொண்டு, மறுபடியும் எடுத்து முடிந்தது.

தவசிலிங்கம் எழுந்து போகவில்லை. கையிலிருந்த டீயை மேசையில் வைத்தார்.

பிறகு கொஞ்ச நேரம் குயில் மட்டும். அப்புறம் கணீரென்று, "முடிஞ்சுச்சாண்ணே?" அதற்குப் பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி ஒரு சின்னக் குரல். மைக்கின் கதவு வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிய குரல். ஹெட்செட் மாட்டியிருந்த புருசனுக்கும் அன்று எட்டாத குரல். அதில் சிரிப்பு இருந்தது.

"பாருங்க, இன்னிக்கும் கோழி விக்கிருச்சு. அண்ணே அங்கன விழுந்து விழுந்து சிரிச்சுக்கிட்டு இருக்கும்."

பிறகு, "ஏங்க, அடுப்பைப் பாக்குறேன்" என்றது. வளையல் சத்தம் விலகிப் போனது. துண்டு முடிந்தது.

"கோழியா?" என்று பூமிராஜன் திரும்பினார். "என்ன கோழி மச்சான்?"

டிஷ்யூ பெட்டியை எட்டி எடுக்கப் போன தவசிலிங்கத்தின் கை, போலீஸ்காரன் கை என்ற ஞாபகம் வந்து பாதியில் திரும்பி, தோள் துண்டை எடுத்துக்கொண்டது. வெகுநேரம் துடைத்தது.

"சின்னப்புள்ளையில அவளுக்கு மூச்சுப் பத்தாது" என்றார் பிறகு. "மூணாவதுல அத்துக்கிரும். ஆத்தா மண்டையில கொட்டும். கோழி விக்குது, கோழி விக்குதுன்னு நான் உருண்டு உருண்டு சிரிப்பேன். அழுதுக்கிட்டே அவளும் சிரிப்பா. கலியாணம் கட்டிப் போனதுக்கப்புறம் அதை யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டா." துண்டை மடியில் போட்டார். "நான் சிரிக்கிறேன்னு நெனச்சுக்கிட்டு அங்கன நின்னுருக்கா மாப்ளே. நான் பந்தல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்."

பூமிராஜன் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை. தன் டீயை மச்சான் பக்கம் தள்ளினார். மச்சானுடையது ஆறிப்போயிருந்தது.

ஷபானா மெதுவாக, "இன்னொரு தடவை போடட்டுங்களா?" என்றாள்.

"இரும்மா" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார் தவசிலிங்கம். செழியனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் செழியன் குரல் வந்தது. தலை நரைத்து, மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்துக்கொண்டிருக்கிற ஆளின் அவசரக் குரல்.

"சொல்லுங்கப்பா. என்ன, மாமா கதைய முடிச்சுவிட்டாச்சா?"

"டேய், ஆவணில பந்தலுக்குப் பெரிய ஸ்பீக்கரா சொல்லி வையி. உன் மக கழுத்துல தாலி ஏறுறப்ப மொதக் குலவை உங்க அத்தைதான் எடுக்குது."

"என்னப்பா சொல்றீங்க? அத்தை எங்க..."

"இங்க இருக்குடா. பால் கவர் பிடிச்சு வச்சிருக்கு. வந்து சொல்றேன்."

செழியன் சின்னப் பையன் மாதிரிக் கேட்டான். "அப்ப அன்னைக்கு அத்தை எனக்குப் போட்டுச்சாப்பா? மாமா சொன்ன மாதிரி?"

தவசிலிங்கம் பூமிராஜனை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க மாமா சொல்ற மாதிரியெல்லாம் இல்லடா. கோரிப்பாளையத்துக்கு எட்டியிருக்கும், அம்புட்டுத்தான். குரங்கு விட்டதெல்லாம் பொய்யி." துண்டை மறுபடியும் முகத்தில் ஒற்றிக்கொண்டார். "ஆனா போட்டுச்சுடா. மூணு தடவை போட்டுச்சு. நான் என் காதால கேட்டேன்."